லீவர் மேல் இருந்த கை

மார்ச் 4, செவ்வாய்

பிரிஸ்பேனில் விமான சிமுலேட்டர் பயிற்சி. நல்லவேளை, இன்று சோதனை இல்லை. இருந்திருந்தால் தோற்றிருப்பேன்.

தரையிறங்கும் நேரத்தில் தேர்வாளர் டெஸ் ஆட்டோ த்ராட்டிலை அணைத்தார். இனி எஞ்சினுக்கு நான்தான் சக்தி கூட்ட வேண்டும். கை அதற்கான லீவர் மேலேதான் இருந்தது. வேகம் பதினெட்டு நாட் இறங்கியும் கை அசையவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த லீவர் தானாக நகரும், என் கை அதன் மேல் சும்மா சவாரி போகும். இன்றும் அது நகரட்டும் என்று காத்திருந்தேன். முட்டாள்!

"உன் கை நல்ல பயணி, மர்ரே. டிக்கெட்தான் எடுக்கல," என்றார் டெஸ். "இன்னைக்கு இதை ரிப்போர்ட்ல எழுதல. இருபத்தேழாம் தேதி சோதனைல எழுதுவேன்."

அன்று தோற்றால் கேப்டன் இருக்கை போய்விடும். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்?

மார்ச் 8, சனி

ஹோனியாராவுக்கு விமானம். வலது இருக்கையில் என் துணை விமானி மெரியோனி. மேகமே இல்லை. வழக்கம்போலக் கேட்டாள்: "இறங்கறப்ப எல்லாத்தையும் அணைச்சிட்டு கையால ஓட்டட்டுமா?" வழக்கமாக நான், "மெஷின் நம்மள விட நல்லா ஓட்டும், விடு" என்பேன். இன்று, "நானே கையால ஓட்டறேன்" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

மார்ச் 15

மறுபடியும் நானே. கை கொஞ்சம் பழகுகிறது.

மார்ச் 22

மூன்றாவது முறை. இறங்கி நின்றதும் மெரியோனி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "பதினாலு மாசமா கேக்கறேன். உங்களுக்கு வேணும்னதும் மெஷின விட கை நல்லாயிடுச்சு, இல்ல?"

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

தேறிவிட்டேன். "பயணி இறங்கிட்டான்," என்று டெஸ் முதுகில் தட்டினார். அப்பாடா.

ஏப்ரல் 9, புதன்



ஹோனியாரா. இன்று ஓட்டியது மெரியோனி. இறங்கும்போது ஆட்டோ த்ராட்டில் தானாகவே நின்றுவிட்டது — நிஜமாக, பின்னால் நூற்று முப்பது பேரோடு. வேகம் இறங்குகிறது. "வேகம்," என்றேன். அவள் கை லீவர் மேல் இருக்கிறது. அசையவில்லை. "மெரியோனி, வேகம்!" கை அங்கேயே. நான் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு முழுச் சக்தி கொடுத்து மேலே ஏற்றினேன். சுற்றி வந்து இறக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எஞ்சின் நின்ற பிறகு அவள் சொன்னாள்: "லீவர் நகரும்னு நெனச்சேன்."

என்னுடைய சிமுலேட்டர் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "இனிமே கேக்க மாட்டேன், மர்ரே," என்றாள். எனக்கு அழுகை வந்தது. பையை எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

சம்பவ அறிக்கை. டெஸ் போனில், "துணை விமானி தாமதமா செயல்பட்டாங்கன்னு ஒரு வரி எழுது, முடிஞ்சிடும். அவளுக்கு ரெண்டு நாள் பயிற்சி, அவ்வளவுதான்," என்றார்.

காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பதினான்கு மாதமாக அவள் கேட்டதையும், ஒவ்வொரு முறையும் நான் சொன்ன பதிலையும், பிறகு என் சோதனைக்காக நானே எடுத்துக்கொண்ட மூன்று தரையிறக்கங்களையும் எழுதினேன். இடம் போதவில்லை, தனித்தாள் இணைத்தேன்.

திங்கட்கிழமை விசாரணைக்கு என்னை மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.