வால் யாரிடம் இருக்கிறது

இன்று காலை கவரைப்பேட்டையில் ரயில் ஏறிய ஒரு புதுப் பெண், உட்கார இடம் தேடுவதற்கு முன்னாலேயே பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்: "வாலு யாருகிட்ட கீது?" உன்னை அவள் பார்த்ததே இல்லை. நீ போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். அவள் கையில் இந்த மாதத்து நாவலின் நடுப்பகுதி இருந்தது. கம்பிப்பின் கழற்றிய தாள்களிலிருந்து புது மையின் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. யாரோ கடைசிப் பகுதியை எடுத்து நீட்டினார்கள். நான் என் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சொல்லைப் பெண்கள் பெட்டிக்குள் கொண்டுவந்தவள் நீ. பழவேற்காட்டுக்காரிக்குப் புத்தகமும் மீன் மாதிரிதான் போலிருக்கிறது. ஸ்டேஷன் கடையில் மாத நாவல் வந்து தொங்கும் அன்றே வாங்கிவிடுவாய். ராத்திரியே படித்து முடித்துவிட்டு, மறுநாள் பொன்னேரியில் ரயில் ஏறியதும் நடு முதுகில் இருக்கும் பின்னை ஊக்கால் நெம்பி எடுத்து, புத்தகத்தை மூன்றாகப் பிரிப்பாய். தலை, நடு, வால். எல்லாருக்கும் அந்த மாதமே வேண்டும். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் ஒருத்தி எவ்வளவுதான் படிப்பாள்? தலையை முடித்தவள் நடுவை வாங்குவாள், நடுவை முடித்தவள் வாலுக்குப் பறப்பாள். கம்பெனி கேன்டீனில் சோற்றுக்கு நிற்கும்போதுகூட வால் யாரிடம் என்பதுதான் பேச்சு.

ஆனால் எல்லாருக்கும் எல்லாவற்றையும் நீ கொடுத்ததில்லை. மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை நம்முடையது. அதனாலோ என்னவோ, "புக்கும் மாத்திர மாதிரிதான்டி, ஆளப் பாத்துதான் குடுக்கணும்" என்பாய். மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளுக்குப் பேய்க்கதை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவளுக்குச் சிரிப்புக்கதை. எனக்கு ஒரு தடவை ஒரு நாவலைத் தர மறுத்தாய். ஏன் என்று கேட்டேன். "அதுல அப்பா செத்துடுவாரு. உங்க அப்பா ஆஸ்பத்திரிலர்ந்து ஊட்டுக்கு வரட்டும், தரேன்" என்றாய். அப்படி ஒரு முடிவை நீ வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். மற்றபடி உன் சட்டம் கெடுபிடியானது. வாலை வாயால் சொல்லக்கூடாது, அவரவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

கவரைப்பேட்டையில் ஏறுகிற ஈஸ்வரியை உனக்கு நினைவிருக்கும் என்று எழுதப் போனேன். என்ன பைத்தியக்காரத்தனம். கடைசிவரை நீ நினைத்துக்கொண்டிருந்ததே அவளைத்தானே. சூளூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். அடி பொறுக்காமல் அம்மா வீட்டுக்கு வந்து, நம் கம்பெனியில் சேர்ந்தாள். புருஷன் வாராவாரம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். போவதா, இருப்பதா என்று அவள் தவித்த அந்த மாதம்தான், ஒரே எழுத்தாளரின் இரண்டு நாவல்கள் சேர்ந்தாற்போல் வந்தன. ஒன்றில் அடிபட்ட பெண் திரும்பிப் போகாமல் தனி வீடு பார்த்துக்கொள்வாள். இன்னொன்றில் திரும்பிப் போவாள், புருஷன் காலில் விழுவான், சுபம். முதல் கதையைத்தான் நீ ஈஸ்வரிக்கென்று எடுத்துவைத்தாய். "பொறுமையா படி. வால மட்டும் ரெண்டு தபா படி" என்றாய்.

தலையும் நடுவும் ஒழுங்காகத்தான் போயின. வாலைக் கொடுக்கும் அன்று சாயங்கால ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. கவரைப்பேட்டையில் அவள் இறங்கியபிறகுதான் உனக்கு நினைவு வந்தது. ரயில் நகர, பையில் கைவிட்டு, அகப்பட்டதை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாய். அவள் கூடவே ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கும் மறுநாள், சூளூர்பேட்டைக்கே போய்விட்டாள் என்று சேதி வந்தது. அந்த வாரக் கடைசியில் மல்லிகா, இரண்டாவது நாவலைப் படித்துக்கொண்டிருந்தவள், சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் சண்டைக்கு வந்தாள். "இன்னாக்கா இது? நடுவுல அந்தப் பொண்ணு பொட்டி கட்டிக்கினு புருஷன் ஊட்டுக்குக் கெளம்புறா. வாலுல பாத்தா தனியா ஊடு எடுத்துக்கினு தையல் மிசின் போட்டுக்கினு கீறா?" எல்லாரும் சிரித்தோம். அந்த எழுத்தாளர் தன் நாயகிகளுக்கெல்லாம் ஒரே பெயர்தான் வைப்பார். புருஷன் பெயர் மாறியதை யார் கவனித்தார்கள்? நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாய். ஈஸ்வரி கைக்குப் போனது எந்த வால் என்று உனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான்தான்டி அவள அனுப்பி வெச்சேன்" என்றாய், கை கழுவும் இடத்தில். "புக்கப் பாத்துட்டா ஒருத்தி போவா? பேஜாரு பண்ணாத" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "போவ மாட்டான்னா, இத்தினி வருஷமா நான் எதுக்கு ஆளப் பாத்துப் பாத்துக் குடுத்தேன்?"

அதன்பிறகு நீ யாருக்கும் எதையும் படிக்கச் சொல்லவில்லை. கேட்டால், "எனக்குத் தெரியாதும்மா, நீயே பாத்து எடு" என்பாய். லீவு நாளில் என்னை இழுத்துக்கொண்டு சூளூர்பேட்டைக்குப் போனாய். வீடு பூட்டியிருந்தது. காலி செய்துகொண்டு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டம்மா தெலுங்கில் சொன்னாள். திரும்பும்போது ரயிலில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் சௌகரியமாக இருந்தது.

உனக்குச் சிறுநீரகம் கெட்டு, சென்னையில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தேன். வீங்கிய கையால் தலையணைக்கு அடியிலிருந்து அந்த வாலை எடுத்தாய். மல்லிகாவிடமிருந்து நீ திரும்ப வாங்கி வைத்திருந்தது, ஈஸ்வரிக்குச் சேர வேண்டியது. "எங்கியாச்சும் பாத்தா குடுத்துடு" என்றாய். வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் நான் பழவேற்காட்டுக்கு வந்தபோது உன் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன.

போன வாரம் புதுவாயலில் காய்கறி வாங்கும்போது யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். ஈஸ்வரி. இரும்புக் கம்பெனி ஒன்றில் புருஷனுக்கு வேலை கிடைத்து, அங்கேயே பக்கத்துத் தெருவில் வீடு எடுத்திருக்கிறார்களாம். பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டாள். முன்பல் ஒன்று இல்லை. "அக்கா எப்பிடிக் கீறாங்க?" என்று உன்னைத்தான் முதலில் கேட்டாள். சொன்னேன். கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்த வாலைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அதுவா? நான் படிக்கவே இல்லியேக்கா. அன்னிக்கு ஊட்டுக்குப் போனா நைனா ஒக்காந்துகினு கீறாரு. தங்கச்சியப் பொண்ணு பாக்க வராங்க, நீ இங்க இருந்தா யாரு கட்டுவான்னு கேட்டாரு. நான் இன்னா சொல்றது? வெடிய எழுந்து கெளம்பிட்டேன். புக்க பொட்டி அடீல வெச்சினு போனேன். அங்க எம்புருஷன் பாத்துட்டு அடுப்புல போட்டுட்டாரு."

படிக்கவே இல்லை. உன்மேல் எனக்குக் கோபமாக வந்தது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அவளைத் திருப்பி அனுப்பியது நீ இல்லை, நீ கொடுத்த தாளும் இல்லை. சொல்வதற்கு நீதான் இல்லை. நடுத்தெருவில், கத்திரிக்காய்ப் பையை வைத்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தபிறகும் நிம்மதி வரவில்லை. ஒரு புத்தகத்தின் வால் எந்தப் பெண்ணையும் எங்கேயும் அனுப்பாது என்று சொல்லி உன்னை விடுவித்துவிடலாம். அப்படிச் சொன்னால், என்னிடம் இருக்கும் இந்த வாலாலும் ஒன்றும் ஆகாது. ஆகும் என்று நம்பினால், நாளைக்கு அவள் பெட்டி கட்டி, அவன் பார்த்துவிட்டு, அதன்பின் நடப்பதெல்லாம் என் தலையில். நீ பட்டது என்னவென்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

புதுவாயலில் பிரியும்போது அவள் கேட்டாள், "அந்தப் பொண்ணு கடைசீல போவாளாக்கா, மாட்டாளா?" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன் சட்டம் நினைவுக்கு வந்தது. "வாலு என்கிட்டதான் கீது. எடுத்தாறேன்" என்றேன். "ஊட்டாண்ட வராதக்கா. திங்கக்கெழம சாயந்தரம் தண்ணி லாரியாண்ட நிப்பேன்" என்றாள். இன்று திங்கட்கிழமை. வேலை விட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போகப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

எதற்கும் கேட்டுவைப்போமே என்று அன்றே கேட்டிருந்தேன், இவ்வளவு நாளாகிவிட்டதே, தலையும் நடுவும் ஞாபகம் இருக்கிறதா, வாலை மட்டும் படித்தால் புரியுமா என்று. ஈஸ்வரி வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"தலையும் நடுவும் எனக்கு மனப்பாடம்க்கா. வாலுதான் தெரியல."