செவ்வாய்க்கிழமை வீடு

அன்புள்ள உம்மாவுக்கு,

சபிஹாவின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கொஞ்சம் அலுப்பு.

பிள்ளைகளை அடிக்காமல் வளர்க்கச் சொல்லித்தர வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போகிறேன் அல்லவா? மணப்பட்டில் புகழ்வேந்தன் என்பவர் பெருமையாகச் சொன்னார்: "நீங்க வர்ற செவ்வாக்கெழமைல பாப்பா மேல கையே வெக்கறதில்ல மேடம். வேற இன்னா வேணும்?"

படிவத்தில் ‘முன்னேற்றம்’ என்று எழுதினேன். அதற்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

வாசல்வரை வந்த அவருடைய ஆறு வயது மகள், "நாளைக்கும் வர்றியா மிஸ்?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அந்த வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிக்கிறேன், ஞாயிறு உட்பட. அதனால் இந்த மாதம் காரைக்காலுக்கு வர இயலாது. சுக்குப்பொடி அனுப்புங்கள்.

என் மகள் ஃபைஜா நான் எப்போது வருவேன் என்று எத்தனை தடவை கேட்டாலும் அதட்டாதீர்கள். பஸ் வந்துவிட்டது.

சபிஹா