மிச்சமிருக்கும் திட்டுகள்

அம்மாவுக்கு,

கும்பிட்டுக்கறேன். முட்டிவலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இந்த வெளிநாட்டுல, சலவைக்கூட வேலைக்கு லீவு நாள்ல ஒரு கல்லூரிக்குப் போய், மொழி ஆராய்ச்சிக்காகத் தமிழ் பேசிக் காட்டினேனே, அது நின்னுபோச்சு. உலகத்து மொழியெல்லாம் அடியில ஒண்ணுதான்னு வாத்தியார் சொல்வாரு. ஒவ்வொண்ணும் தனின்னு அவரோட உதவியாளம்மா சண்டைக்குப் போவாங்க. நடுவுல நான் மைக்கைப் பிடிச்சு "பசிக்குது", "பிள்ளை தூங்குது"ன்னு சொல்வேன். "வேண்டியது கிடைச்சாச்சு, இனிமே வர வேணாம்"னு நேத்து அனுப்பிட்டாங்க. அதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

வாரத்துல நான் தமிழ் பேசின ஒரே மணிநேரம்மா அது.

நீ என்னைத் திட்டுறதையெல்லாம் ஒண்ணு விடாம எழுதி அனுப்பு. அவங்க பதிவு பண்ணாத தமிழ் இன்னும் பாக்கி இருக்குன்னு காட்டி, அவங்க கால்லயாவது விழுறேன்.

வேலைக்கு மணி அடிச்சிடுச்சு. சீக்கிரம் திட்டும்மா.

உன் கடைக்குட்டி