ஏறாத வீலும் மூன்றாம் லயத்து மழைப்பெட்டியும்

ஒக். 14, செவ்வாய்

காலை முதல் தூறல். ஹட்டன் டவுன் முழுக்க மூடுபனி. போர்டிங் அறையில் காயாத சாக்ஸ் நாற்றம்.

ஆறரைக்கு அம்மாவின் அழைப்பு. "பெட்டி இன்னைக்கு ஊதலடி. பாதிப் பேரு பெரட்டுக்கு லேட்டு. கங்காணி கெடந்து கத்துறாரு."

மேட்டில் வெடிப்பு விழுந்த பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நான் பூட்டிய மழைப்பெட்டி. மழை அளவு மீறினால் விடாமல் ஊத வேண்டும், சனம் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். அதற்குத்தான் அது. பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு குட்டி ஊதல் வைத்தேன். லயத்துச் சனம் அதைப் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போவதற்கு, சங்காக்கிவிட்டது. இன்றைக்கும் மழையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எரிச்சல்.

நேற்றுத்தான் நிரலைக் கட்டித் தரும் பில்ட் கருவியைப் புதுப்பித்து, அது கட்டிய புது வீலை, அதாவது பைத்தன் நிரல் பொதியை, இங்கிருந்தே பெட்டிக்கு அனுப்பினேன். அதுவாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. செருப்பு தைக்க. குடைக் கம்பி.

ஒக். 15, புதன்

பத்து நிமிட வெயில். பிறகு வழக்கம் போல.

பெட்டி தன் வேலையைக் குறித்துவைக்கும் லொக்கில் ஒரே வரி: இந்த வீல் இந்த இயந்திரத்துக்கு ஏற்றதல்ல. நிறுவும் வேலை பாதியில் நின்றதில் பெட்டி மொத்தமும் படுத்துவிட்டது.

காலை முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கோப்பின் பெயர் வாலைப் பார்த்தால்: பைத்தன் பதிப்பு சரி. சிப் சரி. லினக்ஸ் எண் மட்டும் 2_17 இருந்த இடத்தில் 2_28. புதுக் கருவி என்னைக் கேட்காமலே புது லினக்ஸுக்குக் கட்டியிருக்கிறது. பெட்டிக்குள் இருப்பதோ கிழட்டு லினக்ஸ்.

பழையதைக் குறிப்பிட்டு மறுபடி கட்ட வேண்டும். டவுன்லோடும் சேர்த்து மூன்று மணி நேரம். யாருக்குப் பொறுமை? பெயரில் 28ஐ அழித்து 17 போட்டேன். மறுபேச்சில்லாமல் ஏறிவிட்டது.

கொம்பியூட்டர் கடையோடு எங்கள் அலுவலகத்தையும் நடத்தும் ரிஸ்வான் நானா எட்டிப் பார்த்தார். "சரியாகிட்டா தங்கச்சி?"

"சரி நானா."

ஒக். 16, வியாழன்

ஆறு மணிக்கு ஊதியதாம். கங்காணி அம்மாவிடம், "ஒங்க மக கெட்டிக்காரி." அம்மா இதைச் சொல்வதற்காகவே அழைத்தாள். லேசாகக் காய்ச்சல் என்று குரலிலேயே தெரிந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். லொக்கைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஒக். 17, வெள்ளி

பதினொன்றிலிருந்து கொட்டுகிறது. ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர்.

இரண்டரைக்கு அம்மா. மூச்சு வாங்குகிறது. மேடு சரிந்துவிட்டது. எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் இல்லை. காய்ச்சலோடு முன்னறையில் படுத்திருந்ததால் தப்பினாள். இப்போது எல்லாரும் பள்ளிக்கூடத்தில். யாருக்கும் காயமில்லை.

"இவ்வளவு மழைக்கு ஏன்மா வெளிய போகல?"

"காலையில பெட்டி ஊதுனுச்சேடி. நல்லாத்தானே இருக்கு, ஆபத்துன்னா சொல்லும்னு படுத்துட்டேன்."

லொக்கைத் திறந்தேன். மழை அளக்கும் பகுதி புதன்கிழமை முதல் எழவே இல்லை. எழப் பார்த்து, தனக்கு வேண்டிய 2.28 இல்லை என்று விழுந்து, திரும்ப எழப் பார்த்து, பக்கம் பக்கமாக அதே வரி. காலை ஊதல் தனி ஸ்கிரிப்ட். அதற்கு வீலே தேவையில்லை. நான் பெயரைத்தான் மாற்றினேன், உள்ளே இருந்தது அப்படியே.

அம்மாவைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், மூன்று மணி நேரம் மிச்சம் பிடிக்க.

நானாவிடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அழுறத்துக்குப் பொறகு நேரமிருக்கு தங்கச்சி. மொதல்ல கட்டுங்க."

கட்டினேன். வாலில் 2_17, கருவியே எழுதியது. அதற்குள் பெட்டியின் சிக்னல் போய்விட்டது, இங்கிருந்து அனுப்ப வழியில்லை. பஸ்களும் நின்றுவிட்டன.

ஒக். 18, சனி

தூறல். முதல் பஸ். பாதி வழி நடை, ரோட்டில் மண்.

நேரே பெட்டிக்கு. மண் அதைத் தொடவில்லை. புது வீல் ஏறியது. எழுந்ததா என்று லொக்கில் மூன்று தடவை பார்த்தேன். மழைமானியில் வாளித் தண்ணீரை ஊற்றினேன். அலறியது. புதன்கிழமையே அம்மாவை விட்டு ஊற்றிப் பார்த்திருக்க ஒரு வாளி தண்ணீர் போதும்.

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. கங்காணி மாமா கையை ஆட்டினார். "விடு மகள். யாருக்கும் ஒன்னும் ஆகலல்ல. காலையில ஊதுறது மட்டும் கெடாமப் பாத்துக்க, அது போதும்."

"இல்லங்க மாமா. இனி மழை அளக்குறது எந்திரிச்சாத்தான் காலையில ஊதும். ஊதலைன்னா பெட்டி செத்துருச்சுன்னு அர்த்தம். எனக்கு ஒடனே போன் போடுங்க."

"அப்ப பெரட்டு?" என்றார் யாரோ. சிலர் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்: "ஊதட்டும், ஊதாம போகட்டும். இனி மழை பேஞ்சா நான் வெளியதான் ஒக்காந்திருப்பேன்."