இடப்பக்கக் காவலாளி

டோஹா
18.01.2025

அன்பின் நுஸ்கி,

எப்படி இருக்கிறாய்? போன் எடுத்தால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். எழுதினால்தான் நீ ஆளாகக் கதைக்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

உன் கணினிக்கு ஒரு விளையாட்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன். முழுவதும் கறுப்பும் வெள்ளையும்தான். நடுவில் சாம்பல்கூட இல்லை. வெள்ளம் ஏறிய ஒரு துறைமுக நகரம். ஒரு பெண் அதைக் கடந்து மறுகரைக்குப் போக வேண்டும். கையில் ஆயுதம் கிடையாது. காவலாளிகள் விளக்கோடு திரிகிறார்கள், வெளிச்சம் பட்டால் அவள் கதை முடிந்தது. நிழலில் நிற்பதும் மூச்சை அடக்குவதும்தான் அவளுக்குத் தெரிந்த வித்தை. வெள்ளைக்காரன் வைத்த பெயர் வாயில் நுழையாது, நான் அதைக் ‘கரைக்காவல்’ என்று எழுதப்போகிறேன்.

விளையாட்டுகளைப் பற்றி நான் எழுதும் இணையப் பக்கத்தை இப்போது நாலாயிரம் பேர் வாசிக்கிறார்கள். எப்போதும் நானே எழுதினால் அவர்களுக்கும் சலிப்பு. நீ விளையாடிவிட்டுத் தோன்றியதை எழுது, உன் பெயரிலேயே போடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் கணினிக் கடையில் ஒரே கதிரையில் இருவரும் நெருக்கி இருந்து விளையாடுவோமே, அப்போதே நீ சந்தடியில்லாமல் போகிறவன், நான் சுட்டுக்கொண்டு ஓடிச் சாகிறவன்.

பொங்கலுக்குத் தம்பி சாரங்கனுக்குப் போன் எடுத்தேன். வழக்கம்போல அவன் மனைவி யசோதராதான் கதைத்தாள், அவன் போனை வாங்கவில்லை. அவனை நினைத்தால் இரக்கமும் வருகிறது, கோபமும் வருகிறது. விளக்குக் கொளுத்தாமல் வலை போடப் போனவன் அவன். உன் படகில் அடிபட்டு இடக்கையை இழந்தவனும் அவன். நடுவில் நீயும் பயந்து படகோட்டுவதை விட்டுவிட்டாய். தமையன் என்ற முறையில் உன்னிடம் எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டாலும் எனக்குப் போதாது.

எழுது மச்சான்.

உன்,
இராகுலன்

•

திருகோணமலை
26.01.2025

அன்பின் இராகுலன்,

சுகமாக இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். விளையாட்டு கிடைத்தது. ஒரு கிழமையாக அதிலேயே கிடக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். தண்ணீர்ச் சத்தம் உண்மையான சத்தம். படிக்கட்டில் அடிக்கிற தண்ணீருக்கும் வள்ளத்தின் அடியில் தட்டுகிற தண்ணீருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைச் செய்தவன் கடற்கரையில் கிடந்து வளர்ந்தவனாக இருக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் என் கண்ணுக்குப் பெரிய உதவி. இப்போது வருகிற மற்ற விளையாட்டுகளில் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கி எனக்குத் தலை சுற்றும். இதில் சுவரென்றால் சுவர், வெளியென்றால் வெளி. கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்து, கடைசியில் அறையின் மறுசுவரோடு ஒட்டி இருந்துதான் விளையாடுகிறேன். அப்படி இருந்தால்தான் முழுத்திரையும் பிடிபடுகிறது.

அந்தப் பெண்ணோடு ஒருவரும் கதைப்பதில்லை. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நகரம் முழுக்கச் சனம் இருக்கிறது, யன்னல்களில் வெள்ளையாகத் தெரிகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பிள்ளைக்குத் தலை வாருகிறார்கள். அவள் கீழே தண்ணீரில் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். நானும் ஐந்து மணிக்கு ஹாட்வெயார் கடையிலிருந்து வந்து உள்துறைமுகத்தைப் பார்த்த இந்த அறைக் கதவைச் சாத்தினால், மறுநாள் கடை திறக்கும்வரை வாயைத் திறக்கத் தேவை வருவதில்லை. கிண்ணியாவிலிருந்து கூடப்பிறந்த ரிஸ்லா ராத்தா வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பார். மற்றபடி உன் கடிதம்தான்.

இனிக் குறை. மூன்றாம் கட்டத்தில், மூழ்கிய மீன்சந்தையைக் கடக்கும்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு காவலாளி வருகிறான். எந்த அறிகுறியும் இல்லை, திடீரென்று மேலே நிற்கிறான். இருபத்திரண்டு தரம் பிடிபட்டேன். செய்தவர்கள் அந்த இடத்தில் பிழை விட்டிருக்கிறார்கள். இது நியாயமில்லை என்று உன் பக்கத்தில் எழுது.

சாரங்கனை ஏசாதே. என்னிடம் மன்னிப்புக் கேட்பதையும் விட்டுவிடு.

என்றும் அன்புடன்,
நுஸ்கி

•

டோஹா
30.01.2025

அன்பின் நுஸ்கி,

நீ எழுதியதை அப்படியே போட்டேன். யன்னல்களைப் பற்றிச் சொன்ன இடத்தை வாசித்து, கனடாவில் இருக்கும் ஒருவர் தனக்கு அழுகை வந்ததென்று எழுதியிருக்கிறார். எனக்கும் மனம் ஒரு மாதிரியாகிவிட்டது.

ஆனால் மச்சான், இடப்பக்கக் காவலாளி விசயத்தில் உன் மானம் போய்விட்டது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த ஆட்டத்திலேயே பெரிய விளக்கு அவனிடம்தான் இருக்கிறது! அவன் வருவதற்கு எட்டுச் செக்கன் முன்பே திரையின் இடப்பாதி வெள்ளையாகிவிடும். முழுக் கறுப்பில் அவ்வளவு வெளிச்சத்தைக் காணாமல் விட ஏலாது, அரை நித்திரையில் இருக்கிறவனும் காண்பான். நான் விளையாடியதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன், பார். முப்பத்தெட்டு வயதாகிறது, ஒரு கண்ணாடி வாங்கிப் போடு.

இன்னொரு நல்ல செய்தி. இங்கே துறைமுகத்தில் படகோட்ட ஆள் தேடுகிறார்கள். மேற்பார்வையாளரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். விசாரணையில் உன்னில் பிழையில்லை என்று தீர்ந்த கடிதம் இருக்கிறதல்லவா, அதன் பிரதி ஒன்று போதும். பயத்தை விட்டுவிட்டு வா. அந்த அறையில் தனியாகக் கிடந்தது போதும்.

உன்,
இராகுலன்

•

திருகோணமலை
09.02.2025

அன்பின் இராகுலன்,

நீ அனுப்பிய படத்தைப் பன்னிரண்டு தரம் பார்த்தேன். கடைசியில் தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தபோதுதான் வெளிச்சத்தைக் கண்டேன். எவ்வளவு பெரிய வெளிச்சம் அது.

என் கண்ணின் ஓரங்கள் செத்துக்கொண்டு போகின்றன. இப்போது ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறேன். கண்ணாடியால் திருத்த ஏலாது. இதை டொக்டர் எனக்குச் சொன்னது 2023 மார்ச் மாதம். “பொழுதுபட்டா படகைத் தொடாதீங்க, பக்கத்தில வாறது உங்களுக்குத் தெரியாது” என்று தெளிவாகச் சொன்னார். திமிங்கிலம் பார்க்க வருகிற வெள்ளைக்காரரின் காலம் அப்போதுதான் தொடங்கப்போகிறது. படகுச் சொந்தக்காரர் அபூதாஹிர் நானாவிடம் சொன்னால் அன்றைக்கே இறக்கிவிடுவார். கடலைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. ஒருவரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை.

அதே வருடம் ஆகஸ்டில், அந்தப் பின்னேரம் ஆட்களை நிலாவெளியில் இறக்கிவிட்டு, வெறும் படகோடு உப்புவெளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுதுபடுகிற மஃரிப் நேரம். யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது, எந்தப் பக்கமென்று பிடிபடவில்லை. பிறகு மோதியது. மோதிய பிறகுதான் தலையைத் திருப்பினேன்.

இராகுலன், சாரங்கனின் வள்ளத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வள்ளம் சரிந்து, விளக்குக் கட்டிய கம்பு தண்ணீருக்குள் போகும்வரை அது எரிந்ததை என் கண்ணால் கண்டேன். அவனைத் தூக்கி என் படகில் போட்டுக் கரைக்குக் கொண்டு வந்தவனும் நான்தான். வழி முழுக்க அவன், சொந்தத் தமையனைக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டு, ஒன்றையே சொன்னான். “விளக்கு இருந்ததே நானா, விளக்கு இருந்ததே.”

விசாரணையில் வெளிச்சம் இருந்ததா என்று கேட்டார்கள். மோதும்வரை என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யாகியிருக்காது. நான் இல்லை என்று சொன்னேன். விளக்குத்தான் கடலுக்குள் போய்விட்டதே, யார் பார்த்தார்கள்.

பிறகு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாய். தம்பியை ஏசியதாகவும் எழுதினாய். அந்தக் கடிதத்துக்கே உண்மையை எழுதியிருக்க வேண்டும். எழுதினால் உன் கடிதம் நின்றுவிடும். படகும் இல்லை, வேறு ஆட்களும் இல்லை, நீ மட்டும்தான் இருந்தாய். அது ஒரு காரணமா என்று கேட்டால், இல்லை. ஆனால் அதுதான் காரணம்.

நாளை மறுநாள் கடையில் லீவு கேட்டிருக்கிறேன். போய் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுக்கப்போகிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். டோஹா வேலைக்கு வேறு ஆளைப் பார். நான் எழுதியதை உன் பக்கத்திலிருந்து எடுத்துவிடு, அந்த விளையாட்டைச் செய்தவர்கள் ஒரு பிழையும் விடவில்லை.

நுஸ்கி

•

டோஹா
21.02.2025

நுஸ்கி,

உன் கடிதத்தை வேலையிடத்தில் வாசித்தேன். மூன்று நாள் சாரங்கனுக்குப் போன் எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. நாலாம் நாள் யசோதரா போனை அவன் காதில் பிடித்திருக்க வேண்டும். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். பிறகு, “இப்ப நுஸ்கி நானா சொன்னாப்பிறகுதான் உங்களுக்கு நான் பொய் சொல்லேல்லை எண்டு விளங்குது, என்ன அண்ணா” என்றான். அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

கை எடுத்து இரண்டாம் நாள், அவன் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது நான் போனில் அவனை ஏசினேன். விசரா உனக்கு, விளக்கில்லாமல் ஏன் போனாய் என்று கத்தினேன். அதைச் செய்தது நான், நீ செய்யச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை வருடம் நீ பார்த்துக்கொண்டு இருந்தாய். என் மன்னிப்புகளையும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டாய்.

கண்ணுக்கு வைத்தியம் செய். கொழும்புக்குப் போய்க் காட்டு. அதைச் சொல்லாமல் விட என்னால் ஏலாது.

இனி எனக்கு எழுதாதே.

இராகுலன்

•

திருகோணமலை
05.04.2025

அன்பின் இராகுலன்,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். பதில் வேண்டாம்.

வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். வழக்கு வரும் என்றார்கள், வரட்டும். அபூதாஹிர் நானா தெருவில் கண்டால் மறுபக்கம் போகிறார். ராத்தா அழுதுவிட்டு, கிண்ணியாவுக்கே வந்துவிடச் சொன்னார்.

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் உன் தம்பி வீட்டுக்கு, சல்லிக்குப் போனேன். சாரங்கன் வீட்டு வளவில் குந்தியிருந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஒரு கையால் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தான். அந்த வேலையை அவன் அவ்வளவு வேகமாகச் செய்வான் என்று நான் நினைத்திருக்கவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவன் நிமிராமல், “கண் ஏலாதெண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?” என்று கேட்டான். மார்ச் மாதம் என்றேன். பெருவிரலிலிருந்து வலையைக் கழற்றினான். “அஞ்சு மாசம்” என்றுவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டான்.

யசோதரா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். குடித்துவிட்டுப் போகச் சொன்னாள், தானும் உள்ளே போனாள். நான் நெடுநேரம் அப்படியே இருந்துவிட்டேன். அவன் திரும்பி வருவான் என்றொரு எண்ணம். வரவில்லை. எழும்பும்போது பொழுதுபட்டுவிட்டது.

வீட்டிலிருந்து தெருவுக்கு வருகிற அந்த ஒழுங்கையில் வள்ளங்களும் கயிறுகளும் கிடக்கும், உனக்குத் தெரியும்தானே. ஒரு கயிற்றில் தடக்கி விழுந்தேன். எழும்பினால் எந்தப் பக்கம் தெருவென்று பிடிபடவில்லை. கையை நீட்டித் தடவிக்கொண்டு நின்றேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கை வந்து என் சட்டைக் கையைப் பிடித்தது. கையைப் பிடிக்கவில்லை, சட்டையைத்தான். யாரென்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நிலாவெளி ரோட்டு வரைக்கும் அப்படியே கூட்டிக்கொண்டு வந்தான்.

பஸ் வருவதற்கு இருபது நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்றான். பஸ் வந்ததும் “படி உயரம்” என்றான். ஏறினேன்.

உன் தம்பி அப்படிப்பட்டவன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதனால்தான் எழுதினேன்.

பஸ் வெளிக்கிட்டபோது யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தேன். இருட்டிவிட்டது. அவன் அங்கேயே நின்றானா, போய்விட்டானா என்று எனக்குத் தெரியவில்லை.

நுஸ்கி