பந்தி நோட்டும் என் சந்தேகமும்

கோபத்தில்கூடக் குரல் உயர்த்தத் தெரியாத என் அண்ணாவுக்கு,

நீ போய்ப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. நாளைக்குக் கல்லூரியில் உனக்கு நினைவுக் கூட்டம். என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குத் தெரியும். ஒருவர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பவன். அதிகம் சந்தேகப்பட்டது உன்னைத்தான்.

சடையனின் அப்பா நம் கரும்புக் கொல்லையில் கொத்தடிமையாகக் கிடந்தார். அப்பா அவரிடம் கைநாட்டு வாங்கியிருந்த கடன் சீட்டை நீ அடுப்பில் போட்டாய். அந்தக் குடும்பத்தைக் கல்வராயன் மலைக்கே திருப்பி அனுப்பினாய். தேர்தலில் நிற்கப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். தேர்தல் வந்தது, நீ நிற்கவில்லை. அதிலும் ஏதோ உள்நோக்கம் தேடினேன்.

பிறகு கல்லூரி விடுதி உன் பொறுப்பில் வந்தது. மலைப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வேண்டாம், எல்லோரும் பெயர் வரிசைப்படி உட்காரட்டும் என்றாய். படிக்க வந்த சடையனுக்குப் பக்கத்தில் என் மகன் சண்முகம். நான் சண்டைக்கு வந்தேன்.

“பேரு வரிசையில உக்காந்தா சோறு எறங்காதாடா?” என்றாய். எனக்கு அன்றைக்கு எதுவும் இறங்கவில்லை.

அந்த நாட்களில்தான் இடஒதுக்கீடு கேட்டு நம் சாதி ஆட்கள் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டார்கள். போலீஸ் வீடு வீடாகப் பையன்களைத் தேடியது. உன் மேசையில் ஒரு நோட்டைப் பார்த்தேன். நம் பையன்களின் பெயர்கள், சிலவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் குறி. போலீசுக்குத்தான் எழுதுகிறாய் என்று முடிவே கட்டிவிட்டேன். போராட்டக்காரர்களிடம் போய்ச் சொன்னவன் நான்தான் அண்ணா.

மறுநாள் காலை அவர்கள் விடுதிக்குள் புகுந்து அடித்தார்கள். உன் கை முறிந்தது, விடுதியைச் சில மாதம் மூடினார்கள். பெட்டியோடு மலையேறிய சடையன் திரும்பிப் படிக்க வரவே இல்லை. அன்று சாயங்காலம் சண்முகம் என்னிடம் சொன்னான்: “அது பந்தி நோட்டுப்பா. எடம் மாறி உக்காந்தவங்களுக்குப் பெரியப்பா குறி வெச்சிக்கினு இருந்தாரு.”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உன்னிடம் வாய் திறக்கவில்லை.

உன் காரியத்துக்குச் சடையன் வந்திருந்தான். மலையில் சாமை விதைக்கிறானாம். அவன் மகள் நம் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், அண்ணா. விடுதியில்தான் சாப்பாடு. என் பக்கத்தில் உட்கார்ந்து அவனாகவே பேசினான்.

“ஐயா என்னெக் கூப்ட ரெண்டு தபா மலைக்கு வந்தாருங்க. நான்தான் பயந்துகினு வரல. யாருங்க உங்களக் காட்டிக் குடுத்ததுன்னு கேட்டேன். அவனே ஒரு நாள் சொல்லுவான்னாருங்க.”

அப்படியென்றால் உனக்குத் தெரியும். எத்தனை தீபாவளிக்கு என் வீட்டில் சாப்பிட்டுப் போனாய்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நானே சொல்வேன் என்று என்னை எப்படி நம்பினாய்?

நாளைக் கூட்டத்துக்குச் சடையனும் மகளோடு வருகிறான். அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் துணியாத,
உன் தம்பி