ஞாயிறு காலையில் வரும் போன்

என் ரீட்டா அக்காவுக்கு,

நீ போன பிறகு இரண்டாவது ஈஸ்டரும் வந்துவிட்டது. மர்பி டவுன் வீட்டில் உன் அறையில் யாரும் படுப்பதில்லை. நான் அதே பள்ளியில்தான் டீச்சராக இருக்கிறேன். இப்போது எழுதப்போவதை வீட்டில் சொன்னால் அம்மா பயப்படுவாள். அதனால் உனக்கே எழுதுகிறேன், யார் படித்தாலும் படிக்கட்டும்.

விளையாட்டின் பொருளாதாரம் என்று நீ ஆராய்ச்சிக்குப் போனபோது, "பந்துல என்னடி பொருளாதாரம்?" என்றார் அப்பா. ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் கால்பந்து ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுத்து அணி வைத்திருந்தன. அணியைக் கலைத்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்றுதான் நீ தேடினாய். எல்லோரையும் அடிக்கடி நேரில் பார்க்க முடியாது. அதனால் கேள்விகளை உன் குரலில் பதிவுசெய்து, ஞாயிறு காலையில் கம்ப்யூட்டரே அவர்களுக்குப் போன் போடும்படி வைத்தாய். வேலை இருந்ததா, ஆடினீர்களா, யாரோடு, உடம்பு எப்படி. அவர்கள் சொல்லும் பதிலும் பதிவாகிவிடும்.

நீ இறந்த பிறகு அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் லட்சுமி என்றொரு பெண் பள்ளிக்கு என்னைத் தேடி வந்தாள். ஸ்ரீராம்புரத்துக்காரி. நீ நேரில் பேட்டி எடுக்கப் போனபோது என் பள்ளியைப் பற்றிச் சொல்லியிருந்தாயாம். கணவர் முருகேஷ் முன்பு ஒரு கம்பெனி அணியின் கோல்கீப்பர், இப்போது அபார்ட்மென்ட் ஒன்றில் செக்யூரிட்டி.

"உங்க அக்கா வாராவாரம் எங்க வூட்டுக்காரர்கிட்ட பேசுறாங்க மேடம். கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. என்கிட்ட வாயே தொறக்காத மனுஷன், அந்தப் போன்ல சிரிக்கிறாரு."

நீ இல்லை என்பதையும், பேசுவது பதிவுசெய்த குரல் என்பதையும் சொன்னேன். லட்சுமி கேட்டாள்:

"அப்ப இவரு யாருக்குப் பதில் சொல்றாரு?"

உன் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் மஞ்சுநாத் முருகேஷின் பதிவுகளைப் போட்டுக்காட்டினார். கடைசிக் கேள்வி வரைக்கும் உன் குரல். அதற்குப் பிறகு எதிர்முனையில் ஒன்றுமே இல்லை, மெல்லிய இரைச்சல் மட்டும். ஆனால் முருகேஷ் போனை வைக்கவில்லை. "அந்தக் கால் இல்ல, இடது கால்" என்றார். நிறுத்தினார். யாரோ பேசுவதைக் கேட்கிறவர் போல நடுநடுவே "ம்" கொட்டினார். பிறகு சிரித்தார். "சரி மேடம், பசங்கள கூட்டிக்கிட்டு கிரவுண்டுக்குப் போறேன்."

"தனியா பேசிக்கிறார் போல, வயசாயிடுச்சு இல்லையா" என்றார் மஞ்சுநாத். சொன்ன கையோடு ஹெட்போனைக் கழற்றித் தள்ளி வைத்தார்.

நீ இல்லை என்பதை முருகேஷிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஸ்ரீராம்புரத்தில் அந்தச் சந்து வீட்டு வாசலில் முருகேஷ் பூட்சுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். லட்சுமி கதவோரம் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அக்கா இறந்துட்டாங்க, சார்" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"தெரியும்மா. அவங்களே சொன்னாங்க."

லட்சுமி உள்ளே போய்விட்டாள். என்ன சொன்னாய் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பயமா, பொறாமையா? என்னிடம் சொல்லாததை அவரிடம் மட்டும் ஏன் சொன்னாய்?

"டீம் போனப்புறம் என்னை ஆட்டக்காரனா நெனச்சு யாரும் எதுவும் கேட்டதில்லம்மா. அவங்கதான் ஆடினீங்களான்னு கேட்டாங்க" என்றார் முருகேஷ். "நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. ஆனா யாராச்சும் கேக்கணும்."

லட்சுமிக்காக அந்தக் கம்ப்யூட்டர் அழைப்பை எல்லோருக்குமே நிறுத்தச் சொன்னேன். அவருக்காக அடுத்த ஞாயிறு நானே போன் போட்டேன். முருகேஷ் முதலில் எடுக்கவே இல்லை. பல வாரம் கழித்து எடுத்தபோது பக்கத்தில் லட்சுமியின் குரலும் கேட்டது. அவரைப் பற்றி என்னிடம் புகார் சொன்னாள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் பேசுகிறார்கள். சம்பளம் போனது மட்டும் இழப்பில்லை என்று உன் ஆய்வில் நீ எழுதத் தொடங்கிப் பாதியில் விட்ட அத்தியாயத்தை உன் பேராசிரியர் இந்தப் பதில்களை வைத்து முடித்துக்கொண்டிருக்கிறார். உன் பெயரில்தான் வரும்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிறு பீன்யாவில் இருக்கும் பிரான்சிஸை அழைத்தேன். உன் பட்டியலில் இருந்தவர், நான் பேசுவது முதல் முறை. கேள்விகளைக் கேட்டு முடித்து, நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"இருங்க மேடம்" என்றார். "இன்னொரு மேடம் ஏதோ கேக்குறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா எப்படி?"

எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அவர் யாருக்கோ பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

இனி ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பேன், அக்கா. நீ கேட்க வேண்டியதை எல்லாம் அவர்களிடம் கேள். நீ முடிக்கிறவரை நான் போனை வைக்க மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ஸ்டெல்லா